தூங்கும்போது போட்ட கையெழுத்து

மக்களே, இன்றைக்குக் கொஞ்சம் காரமாகத்தான் எழுதப் போகிறேன். வழக்கமாக இந்தப் பக்கத்தில் வரி, சேமிப்பு, ஊருக்குப் பணம் அனுப்புவது என்று ஒரு வங்கிக்காரன் புத்திக்கு எட்டியதை எழுதுவேன். இன்று விஷயம் செல்போன். "பி.காம். படித்த உமக்கும் செல்போனுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. இது கணக்குப் பிரச்சினை. இன்னும் சரியாகச் சொன்னால், பொய்க் கணக்குப் பிரச்சினை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன் தயாரிக்கும் கம்பெனிகள் பேட்டரியை மிச்சம் பிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்தச் செயலியை, எப்போது, எதற்காக நிறுத்தினோம் என்று போனின் சொந்தக்காரருக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் நிறுத்துவது தப்பு. அவர்தான் நிறுத்தச் சொன்னார் என்று எழுதிவைப்பது அதைவிடப் பெரிய தப்பு.

எங்கள் வீட்டு நிலவரம் இது. நான் டொராண்டோவில். தம்பி வளைகுடாவில். அம்மா பாறசாலைப் பக்கத்தில் தனியாக. கோடையில் இங்கே இரவு ஒன்பதரை ஆனால் அங்கே காலை ஏழு. அந்த நேரத்துக்குத் தினமும் இன்டர்நெட் வழியாகக் கூப்பிடுவேன். திடீரென்று சில நாள் அழைப்பு போகவே இல்லை. என் திரையில் "அழைக்கிறது" என்பதோடு நிற்கும், "மணி அடிக்கிறது" என்று மாறாது. அம்மா அந்தச் செயலியைத் தற்செயலாகத் திறந்தால் போதும், தவறிய அழைப்புகள் எல்லாம் வரிசையாக வந்து விழும். "எனக்க போனு அடிக்கேல்ல மக்ளே, நீ விளிச்சியா?" என்பார்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்கள், ஊரில் தனியாக இருக்கும் ஒரு தாயின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் பிள்ளை கூப்பிடுவான் என்று காப்பியைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். போன் அடிக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பிள்ளை கூப்பிடவில்லை. இரண்டாம் நாளும் கூப்பிடவில்லை. "வெளிநாடு போனதும் மாறிட்டான்" என்று சொல்ல ஊரில் ஆளா இல்லை? அந்த எந்திரம் என் அழைப்பைத் தின்றுவிட்டு, நான் கூப்பிடவே இல்லை என்று என் தாயிடமே பொய்ச் சாட்சி சொல்கிறது. என் கோபம் இதில்தான்.

சரி, ஊரில் இதற்கு என்ன காரணம் சொன்னார்கள்? "அது பார்டர் டவருக்க கொழப்பம்." எங்கள் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. அன்று முதல் எது கோளாறானாலும் எல்லை மேல் பழி போடுவது எங்களுக்குப் பழகிவிட்டது. பாறசாலையில் இருந்து இஞ்சிவிளை தாண்டினால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. போன் ஒரு நேரம் கேரள டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். ஆகவே எல்லாம் டவர் கோளாறு. கம்பெனிகளுக்கு இதைவிட வசதியான நம்பிக்கை உண்டா?

டவர் காரணமா என்று பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. இன்டர்நெட் அழைப்பு போகாத அதே நிமிடம் சாதாரண போன் அழைப்பைப் போட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. அம்மா எடுத்தார். செயலியைத் திறக்காமல் வேறொரு வீடியோவைப் பார்க்கச் சொன்னேன். தடங்கல் இல்லாமல் ஓடியது. ஆக டவரும் இருக்கிறது, டேட்டாவும் இருக்கிறது. நாம் தேடும் அந்தச் செயலி மட்டும் உயிரோடு இல்லை. பிறகு அதைத் திறக்கச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டது!

யாரோ அதைக் கொன்றிருக்கிறார்கள். யார்?

ஆண்ட்ராய்டு போனில் பின்னணியில் ஓடும் ஒரு சேவையைக் கொல்லச் சில பேருக்கு அதிகாரம் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் ஆள், நினைவகம் தீர்ந்தால் கொல்பவர். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். அங்கே ஒவ்வொரு ப்ராசஸுக்கும் −1000 முதல் 1000 வரை ஒரு மதிப்பெண். கண்முன் திறந்திருக்கும் செயலிக்கு 0; ஓரமாகச் சும்மா கிடக்கும் செயலிக்கு 900-க்கு மேல். இடம் நெருக்கடியானால் அதிக மதிப்பெண்காரர் முதலில் வெளியே. 3 ஜிபி, 4 ஜிபி நினைவகம் உள்ள மலிவு போனில் இது அடிக்கடி நடக்கும். இவர் நியாயமானவர். வேறு வழியில்லாமல் செய்கிறார். இவர் நிறுத்தினாலும், வெளியில் இருந்து அவசர அழைப்பு வந்தால் செயலியைத் திரும்ப எழுப்ப முடியும்.

இரண்டாம் ஆள், ஆண்ட்ராய்டின் சொந்தச் சட்டம். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-ல் இருந்து, போன் அசையாமல் திரை அணைந்து கிடந்தால் அது உறக்க நிலைக்குப் போகும். 2017-ல் வந்த 8-ல் பின்னணிச் சேவைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2018-ல் வந்த 9-ல் செயலிகளை உபயோகத்தைப் பொறுத்துத் தரம் பிரித்தார்கள். இவையெல்லாம் எழுதிவைத்த விதிகள். அழைப்பு போன்ற அவசரச் செய்திக்கு இதில் வழியும் விட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் ஆள், போன் கம்பெனியே தன் பங்குக்குச் சேர்த்த "பேட்டரி மேனேஜர்", "க்ளீனர்" வகையறா. இவருக்கு எந்த விதியும் பொது இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறு. இவர் நிறுத்துவது சாதாரண நிறுத்தம் அல்ல, பல நேரம் கட்டாய நிறுத்தம். கட்டாய நிறுத்தம் ஆன செயலிக்கு, மனிதர் கை வைத்துத் திறக்கும் வரை வெளியில் இருந்து எந்த அழைப்பும் போய்ச் சேராது. நம் வீட்டில் நடந்தது இந்த மூன்றாம் ஆளின் கைவரிசை.

எப்படி உறுதியாகச் சொல்கிறேன்? 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11-ல் இருந்து போனுக்குள் ஒரு பேரேடு இருக்கிறது. எந்தச் செயலி, எத்தனை மணிக்கு, எந்தக் காரணத்தால் முடிந்தது என்று அதில் பதிவாகும். காரணங்களுக்கு எண் உண்டு. 3 என்றால் நினைவகப் பற்றாக்குறை. 4 என்றால் செயலி தானே விழுந்தது. 6 என்றால் பதில் சொல்லாமல் உறைந்தது. 10 என்றால் போன் உபயோகிப்பவர் கேட்டுக்கொண்டதால் நிறுத்தப்பட்டது. இந்தப் பேரேட்டைப் போன் திரையில் பார்க்க முடியாது. செயலி எழுதுபவர்களுக்குக் கிடைக்கும். இல்லையென்றால் போனைக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்து ஒரு கட்டளை கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன் லேப்டாப்போடு வந்து உதவினான். இரண்டு வாரம் தினமும் எடுத்துப் பார்த்தோம். அழைப்பு போகாத ஒவ்வொரு நாளிலும் முந்தைய ராத்திரியில் ஒரு பதிவு. நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம், இரண்டு ஐம்பது, மூன்று பத்து. காரண எண் 10.

"மாமா, பாட்டி ராத்திரி ரெண்டே முக்காலுக்கு எந்திச்சு இத நிறுத்துனாங்களா?" என்று கேட்டான் பையன்.

அம்மா அந்த நேரத்தில் நல்ல தூக்கத்தில் இருப்பவர். செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர். ஆண்ட்ராய்டு 14-க்கு முந்தைய போன்களில் செயலி புதுப்பிக்கப்பட்டாலும் இதே எண்ணில் பதிவு விழுவது உண்டு. அதையும் பார்த்தோம். அந்த நாட்களில் புதுப்பிப்பு எதுவும் நடக்கவில்லை. அந்த "பேட்டரி மேனேஜரின்" பட்டியலில் இருந்து செயலியை விலக்கினோம். அன்றோடு நள்ளிரவுப் பதிவுகள் நின்றன. காலை ஏழுக்கு மணி அடித்தது.

கம்பெனி எது என்று கேட்காதீர்கள். இது ஒரு கம்பெனியின் வியாதி இல்லை.

இப்போது நான் வங்கிக்காரனாகப் பேசுகிறேன். என் கிளையில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கை நள்ளிரவில் ஒரு ஊழியர் முடித்துவைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லெட்ஜரில் "வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி" என்று எழுதுகிறார். வாடிக்கையாளர் அந்த நேரம் வீட்டில் தூங்குகிறார். வவுச்சர் கிடையாது, கையெழுத்து கிடையாது. ஆடிட்டர் வந்தால் இதற்கு என்ன பெயர் வைப்பார்? "பேட்டரியை மிச்சம் பிடித்தேன் சார்" என்று அந்த ஊழியர் தப்பிக்க முடியுமா?

உபயோகத்தில் இல்லாத கணக்கை வங்கியும் ஓரம் கட்டுகிறதே என்று ஒருவர் கேட்கலாம். கட்டுகிறது. எப்படிக் கட்டுகிறது என்று பாருங்கள். இந்தியாவில் இரண்டு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர் வரவு செலவு செய்யாவிட்டால்தான் கணக்கு செயல்படாத கணக்கு. 2024 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு வருடம் அசையாமல் கிடந்தாலே கடிதமோ மெயிலோ எஸ்.எம்.எஸ்ஸோ அனுப்பிச் சொல்ல வேண்டும். இங்கே கனடாவில் 2, 5, 9 வருடங்களில் அறிவிப்பு அனுப்பி, 10 வருடம் ஆன பிறகுதான் பணம் பேங்க் ஆஃப் கனடாவுக்குப் போகும். அப்போதும் பணம் உங்களுடையதுதான், கேட்டால் திருப்பித் தருவார்கள். நூறு ரூபாய் கிடக்கும் கணக்குக்கு இத்தனை மரியாதை. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கும் கம்பியை அறுக்க ஒரு வரி அறிவிப்புகூடக் கிடையாதா?

கம்பெனிகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். செயலிகள் யோக்கியமா என்றால், இல்லை. கடைக்காரச் செயலி, விளையாட்டுச் செயலி எல்லாம் ராத்திரி முழுக்க விழித்திருந்து பேட்டரியைக் குடிக்கும். சீனாவில் கூகுளின் பொதுவான செய்திச் சேவை கிடையாது. ஊருக்கெல்லாம் ஒரே தபால்காரர் இல்லாததால் ஒவ்வொரு செயலியும் வாசலில் தனக்கென ஒரு ஆளை நிறுத்தியது. ஒன்றை ஒன்று எழுப்பிவிட்டது. அந்தக் கூட்டத்தை விரட்டக் கம்பெனிகள் நாய் வளர்த்தன. அங்கே அதற்குக் காரணம் இருந்தது. நம் ஊரில் தபால்காரர் இருக்கிறார். அழைப்புச் செயலிகள் அவர் வழியாகவே செய்தி அனுப்புகின்றன. ஆனால் போனோடு நாயும் கப்பலேறி வந்துவிட்டது. வந்து தபால்காரரையே கடிக்கிறது.

பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது விளம்பரத்தில் போட ஒரு நல்ல எண். மார்ச் 31 அன்று மட்டும் அழகாகத் தெரிகிற மாதிரி பேலன்ஸ் ஷீட்டை ஜோடித்துக் காட்டுவதை எங்கள் பாடத்தில் விண்டோ ட்ரெஸ்ஸிங் என்பார்கள். வேலைக்காரர்களை எல்லாம் நிறுத்திவிட்டுச் சம்பளம் மிச்சம் என்று காட்டுவதும் அந்த வகைதான். கடை திறந்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

இது நம் வீட்டு அழைப்போடு நிற்கிற பிரச்சினை என்றும் நினைக்காதீர்கள். 2020 ஜூன் மாதம் ஜெர்மனி அரசு கொரோனா எச்சரிக்கைச் செயலி ஒன்றை வெளியிட்டது. ஜூலையில் தெரியவந்தது என்ன? சில ஆண்ட்ராய்டு போன்களில் மின்சேமிப்பு ஏற்பாடு அதன் பின்னணி வேலையைத் தடுத்துவிட்டது; செயலியைத் திறந்து பார்க்காதவர்களுக்கு எச்சரிக்கை நேரத்துக்கு வரவில்லை. அரசாங்கத்தின் செயலிக்கே இந்தக் கதி. 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை விட்டது. சர்க்கரை அளவைக் காட்டும் கருவிகளைப் போனோடு இணைத்து உபயோகிப்பவர்களுக்கு, போன் செட்டிங்ஸ் காரணமாக அவசர எச்சரிக்கை வராமல் போகிறது. கொஞ்ச நாள் திறக்காத செயலி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவதும் அதில் ஒரு காரணம் என்றது. சர்க்கரை இறங்கி மயங்கும் நேரத்தில் போனும் சேர்ந்து தூங்கினால் என்ன ஆகும்? இதையும் "உபயோகிப்பவர் கேட்டுக்கொண்டார்" என்ற தலைப்பில் எழுதுவார்களா?

கேட்டால் நடக்குமா? நடக்கும். நோக்கியா பெயரில் போன் விற்ற எச்.எம்.டி. கம்பெனியின் போன்களில் இந்தக் கொலைகாரச் செயலி இருந்தது. செயலி எழுதுபவர்களும் வாங்கியவர்களும் விடாமல் சத்தம் போட்டார்கள். 2019-ல் ஆண்ட்ராய்டு 9 ஓடிய போன்களில் அதை முடக்கினார்கள். அதனால் அந்தப் போன்கள் ஒன்றும் தீப்பிடித்துவிடவில்லை.

அரசு சொன்னாலும் கேட்பார்கள். 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் போன்களில் ஆபத்து உதவிப் பொத்தான் கட்டாயம் என்று விதி வந்தது, வைத்தார்கள். இந்திய மொழி எழுத்துகள் எல்லாப் போனிலும் தெரிய வேண்டும் என்று விதி வந்தது, செய்தார்கள். அப்படியானால் இதற்கும் ஒரு விதி போடலாம். என் கோரிக்கை மூன்றுதான்.

ஒன்று: போன் தானாக ஒரு செயலியைக் கட்டாயமாக நிறுத்தினால், "நான் நிறுத்தினேன்" என்று உண்மையான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். சொந்தக்காரர் பெயரில் எழுதக் கூடாது.

இரண்டு: அந்தப் பேரேட்டைக் கேபிளும் லேப்டாப்பும் இல்லாமல், சொந்தக்காரர் படிக்கிற மொழியில், திரையிலேயே காட்ட வேண்டும். பாறசாலையில் தமிழ் படிக்கிறவருக்குத் தமிழில், மலையாளம் படிக்கிறவருக்கு மலையாளத்தில்.

மூன்று: அழைப்பு, மருந்து நினைவூட்டல், உடல்நலக் கருவி ஆகிய மூன்று வகைச் செயலிகளையும் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது. கேட்டுவிட்டு நிறுத்தட்டும்.

விதி வரும்போது வரட்டும். அதுவரை நாம் சும்மா இருக்க முடியாதே. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெற்றோர் போனில் இவற்றைச் செய்துவிட்டு வாருங்கள். போக முடியாதவர்கள் யாரையாவது விட்டுச் செய்யச் சொல்லுங்கள். பெயர்கள் போனுக்குப் போன் மாறும், விஷயம் ஒன்றுதான்.

1. அழைப்புச் செயலியின் விவரப் பக்கத்தில் பேட்டரி என்ற இடத்துக்குப் போய்க் "கட்டுப்பாடு இல்லை" என்று வையுங்கள்.

2. "ஆட்டோ ஸ்டார்ட்" என்று ஒரு அனுமதி இருந்தால் கொடுங்கள்.

3. உபயோகிக்காவிட்டால் செயலியை இடைநிறுத்தும் ஏற்பாட்டை அணையுங்கள். எப்போதாவது ஒருமுறை மட்டும் திறக்கும் மருத்துவச் செயலிகளுக்கு இது முக்கியம்.

4. சமீபத்தில் திறந்த செயலிகளின் பட்டியலில் பூட்டு அடையாளம் இருந்தால் பூட்டிவையுங்கள். "எல்லாவற்றையும் சுத்தம் செய்" என்ற பொத்தானை அழுத்த வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். கடைப் பையன்கள் அதை அழுத்தினால் போன் வேகமாகும் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

5. போன் மென்பொருள் பெரிதாகப் புதுப்பிக்கப்பட்டால் இவை எல்லாம் பழையபடி மாறியிருக்கலாம். திரும்பப் பாருங்கள்.

6. அவசரத்துக்கு இன்டர்நெட் அழைப்பை மட்டும் நம்ப வேண்டாம். சாதாரண அழைப்புக்குப் பத்து நிமிடக் காசு எப்போதும் வைத்திருங்கள். அந்த மணியை இவர்களால் நிறுத்த முடியாது.

இன்னொன்று. அம்மா "நீ கூப்பிடவே இல்லை" என்று சொன்னால், "கூப்பிட்டேன், உங்களுக்குத்தான் போன் பார்க்கத் தெரியவில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் சொல்வதும் உண்மை, நீங்கள் சொல்வதும் உண்மை. பொய் சொல்வது மூன்றாவது ஆள். அவரைக் கூண்டில் ஏற்றும் வரை விடக் கூடாது.